கால் இல்லாதது வந்த வழி

முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. செல்வகணேஷ் எனக்குத் தரவேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆரியசாலைச் சந்தையிலிருந்து வலியசாலைத் தெருவுக்குத் தலைச்சுமையாக ஒரு பெட்டி, கூலி முப்பது, மாடிப்படிக்கு ஏழரை. தொண்ணூற்றாறில் அதுதான் ரேட்டு.

பெட்டி போனக்காடு மலை எஸ்டேட்டிலிருந்து லாரியில் வந்திருந்தது. பழைய தேயிலைப் பெட்டி. எஸ்டேட் பங்களாவைக் காலிசெய்தபோது ஏலத்தில் எடுத்ததாம். பெரிய கனமில்லை. ஆனால் நடக்க நடக்க உள்ளே ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. நான் வலப்பக்கம் சாய்ந்தால் அது இடப்பக்கம் போனது. சரக்கு அப்படிச் செய்யாது. சாய்கிற பக்கம்தான் சரியும்.

பார்வதியம்மாள் வீட்டு மாடியில் செல்வகணேஷ் வாடகைக்கு இருந்தான். இஞ்சினியரிங் காலேஜ் பையன். தலைச்சுமைக்கு அந்த வீட்டு வாசல் நிலை தாழ்வு. முழங்காலை மடக்கித்தான் பெட்டியை உள்ளே கொண்டுபோனேன். அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் பாய்ந்து திறந்தார்கள். புத்தகங்கள், பல மூலை வைத்த பகடைகள், பஞ்சில் சுற்றிய ஈயப் பொம்மைகள். எல்லாவற்றிலும் ஈரத் தேயிலை வாசனை.

“இது என்ன தம்பி, கொலுவா?”

“பூதங்கள் அண்ணாச்சி. கதை சொல்லி ஆடுற ஆட்டம். ஒவ்வொண்ணும் வேற வேற லோகம், கேட்டோ. இது செத்த சூரியனுக்குள்ள பிறந்தது. இது தண்ணியில்லாத கடல்ல. எங்க பிறந்துச்சு, இங்க எப்படி வந்துச்சுன்னு நோட்டுல எழுதினாத்தான் ஆட்டத்துல சேரும்.”

கடைசியாக ஒன்றை எடுத்தான். கட்டைவிரல் அளவு. நீண்ட கைகள், சரிந்த தோள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

“இதுக்குக் கால் இல்ல. எப்படி வந்திருக்கும்னு ஒரு யோசனையும் வரல.”

வியர்வையைத் துடைத்துக்கொண்டே நான் சிரித்தேன்.

“எங்கள மாதிரி ஒருத்தன் தலையில வச்சுக் கொண்டுவந்திருப்பான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ஆனா கூலி குடுத்து இறக்கணும், பாத்துக்கோ. கூலி கையில விழாம சுமை தலையை விட்டு இறங்காதுன்னு எங்க ஆளுவ சொல்லுவாவ.”

பையன்கள் கைதட்டினார்கள். செல்வகணேஷ் அங்கேயே நோட்டை விரித்து எழுதினான். பிறகு, சட்டைப்பையில் விட்ட கையைச் சும்மா வெளியே எடுத்தான்.

“கூலி பிறகு தரேன் அண்ணாச்சி. இறங்குதா இல்லையான்னு ஒரு பரீட்சை.”

சிரிப்புச் சத்தத்தோடு படியிறங்கினேன். வெறுந்தலை. நிமிர்ந்து வாசலைத் தாண்டினேன்.

மேலே, நிலையில், டொக்கென்று இடித்தது.

தோளில் காரைத்தூள் விழுந்தது.

என் தலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு முழம் வெளி இருந்தது.

டீக்கடையிலும் அப்படியே. யூனியன் ஷெட்டிலும் அப்படியே. எங்கே நுழைந்தாலும் எனக்கு மேலே இன்னொன்று இடித்தது. தூங்கப் படுத்தால் தலைமாட்டில் தலையணை தானாக அமுங்கியது. ஆணியில் மாட்டிய சும்மாட்டுத் துணி காலையில் தொட்டால் சுட்டது.

“என்னவோய் ஞானசிகாமணி, வெறுஞ்சுமையா தூக்குதீரு?” என்று கூடச் சுமை தூக்கும் சத்தியநேசன் கேலி செய்தான். “அதுக்கும் சேத்து யூனியன்ல கூலி கேப்போமா?”

என்னால் சிரிக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் அரைமூட்டை அரிசிகூடத் தலைக்கு ஏறவில்லை. அங்கே ஏற்கெனவே இடமில்லை. சுமக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூலி கேட்கப் போனேன். மாடியில் யாருமில்லை.

“ஊருக்கு ஓடிட்டான்பா,” என்றாள் பின்னாலேயே படியேறி வந்த பார்வதியம்மாள். “அன்னிக்கு நீ தெருவுல போறச்சே ஜன்னல்ல நின்னு பாத்தான். அப்பலேர்ந்து ஜுரம். என்னடா பாத்தேன்னா போர்வைய இழுத்து மூடிண்டுட்டான். உன் கூலி பாக்கி இருக்காமே. இரு, எடுத்துண்டு வரேன்.”

அவள் கீழே போனாள். தரையில் அந்த நோட்டும் ஒரு பென்சிலும் கிடந்தன. நான் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்கு மேல். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு ஓடும்.

“கா…ல் இல்…லா…தது.”

கழுத்தெலும்பு நெரிந்தது.

“எந்த லோகத்து மண்ணும் இதைத் தாங்காது. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத்தான் போகும். சுமந்தவனுக்கு யார் கூலி கொடுக்கிறாரோ, அவர் தலைக்கு.”

அதன் கீழே, வேறு மையில், கோணல்மாணலாக:

“நான் கொடுக்கமாட்டேன்.”

படியில் பார்வதியம்மாளின் காலடி கேட்டது. ஒரு கையில் மடித்த ரூபாய் நோட்டுகள். அவற்றின்மேல் ஐம்பது காசு.

“முப்பத்தேழரை. சரிதானே? நீங்களே குடுத்துடுங்கோ மாமின்னு நாலு தடவை சொல்லிட்டுப் போனான்.”

கை நீட்டினாள். எழுபது வயது. அந்தக் கழுத்து என் மணிக்கட்டு அளவுதான் இருக்கும்.

என் தலைமேல் இருந்தது மெல்ல முன்னால் சாய்ந்தது.

அவள் பக்கம்.

ஈரத் தேயிலை வாசனை அறை முழுக்க எழுந்தது.

“வேண்டாம்மா!”

“ஏன்பா கத்தறே? உழைச்ச காசுதானே?”

“வேண்டாம். கையை மடக்குங்க. மடக்குங்கம்மா!”

அவள் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கடனே இல்லையென்றால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் சுமையும் இல்லை. பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு மூட்டை.

“கூலி வேண்டாம். கடன் இல்லை. ஞானசிகாமணி.”

புள்ளி வைத்ததும் கழுத்துப் பிடிப்பு விட்டது.

அப்படியே. ஒரு நொடியில்.

மூன்று வாரத்தில் முதல்முறையாக மூச்சை முழுதாக இழுத்தேன். வாசலில் பழக்கதோஷத்தில் முழங்காலை மடக்கிக் குனிந்து வெளியே வந்தேன். ஒன்றும் இடிக்கவில்லை. தெரு முழுக்கக் கனமே தெரியவில்லை. கூலி கேட்காமல் சொந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவன் மாதிரி நடந்தேன்.

வீட்டில் என் மனைவி தாசம்மாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக என் கழுத்துவலிக்குத் தைலம் தேய்த்து, எல்லாம் நீர்க்கோவை என்று திட்டியவள். ஒருநாளும் ஒன்றையும் பார்த்ததில்லை.

“போச்சு தாசம்மா. கடன் தீந்துபோச்சு,” என்றேன் வாசலில் நின்று.

அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு முழம் மேலே பார்த்தாள். ஊதுகுழல் கையிலிருந்து நழுவி உருண்டது.

“குனிஞ்சு வாங்க,” என்றாள், சத்தம் எழும்பாமல். “அதுக்க தலை நிலையில இடிச்சிரும்.”