ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்

டங்!

2018-இல் ஒரு காலை. அமாயாவின் சைக்கிள், முன்னால் நின்றவனின் சைக்கிள் பின்சக்கரத்தில் போய் முட்டியது.

"ஆளே இல்லாத முக்குல எதுக்குங்க இப்படி மரமாட்டம் நிக்கிறீங்க?"

அவன் திரும்பினான். அடடா... என்ன கண்கள். சண்டைக்கு நடுவில் இதையெல்லாமா கவனிப்பது என்று தன்னையே கடிந்துகொண்டாள். சட்டைப் பையில் வெங்காய மண்டியின் பெயர், அதன் கீழே 'வெஸ் ஒகூரா'.

"நில்லுன்னு போர்டு வச்சிருக்காங்க. நின்னேன்."

"யாரும் வரலைன்னா சைக்கிள்காரங்க நிக்காமலே போகலாம். சட்டமே அப்படித்தான்."

"அது ஆத்துக்கு அந்தப் பக்கம், உங்க ஐடஹோ மாநிலத்துல. பாலம் தாண்டி ஆரிகன் மாநிலம் வந்தாச்சுங்க. இங்க முழுசா நிக்கணும்."

சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கமே சைக்கிள் ஓட்டியவள். இந்தப் பக்கத்துப் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாள். அவன் சொன்னதுதான் சரி. ஆனால் மன்னிப்பு? அமாயா எலோர்டி வாயிலிருந்து அது அத்தனை சுலபத்தில் வருமா?

"உங்க ஆரிகனை நீங்களே வச்சுக்குங்க."

மூக்கை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அரை மணி முன்னதாகப் புறப்பட்டு, தண்டவாளத்தை ஒட்டிய சுற்றுவழியில் போனாள். பன்னிரண்டு நாள்... யாருடைய பல்லைச் சுத்தம் செய்தாலும் அவன் கண்களே வந்து நின்றன. இனி அவனைப் பார்க்காமலே போய்விட்டால்? வீறாப்பு போதும் என்று முடிவு செய்தாள்.

பதின்மூன்றாம் நாள், தூறலில், பழைய தெருவுக்கே வந்தாள். போர்டு அருகே காலை ஊன்றி முழுசாக நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அவன் இல்லை.

டங்!

பின்னாலிருந்து முட்டியது வெஸ். நெற்றியில் மழைநீர் வழிய, முகமெல்லாம் சிவந்து நின்றான்.

"போர்டு கண்ணுக்குத் தெரியலையா சார்?" சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"மன்னிச்சுக்குங்க... ஏதோ பழக்கத்துல..."

"நீங்கதான் நிக்கிற ஆளாச்சே? எங்க பிடிச்சீங்க இந்தப் பழக்கத்தை?"

அவன் தலையைச் சொறிந்தான். "உங்க ஊருல."

"எங்க ஊருலயா?"

"பன்னண்டு நாளா வேலைக்கு முன்னாடி பாலம் தாண்டி அங்க வந்து உங்களைத் தேடுறேன். இப்பவும் அங்கிருந்துதான் வர்றேன். அங்க ஒருத்தரும் நிக்கிறதில்ல, நான் நின்னா வேடிக்கை பாக்குறாங்க. அப்படியே எனக்கும் ஒட்டிக்கிச்சு."

அவள் சுற்றுவழியில் ஒளிந்து போன அதே காலை நேரங்கள்... அமாயா சைக்கிளை அவன் பக்கம் திருப்பினாள்.

"எதுக்குத் தேடினீங்க? சக்கரம் கோணிடுச்சுன்னு சண்டை போடவா?"

"இல்ல. உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல."

அமாயா வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பு மறந்தே போயிற்று. ஆனால் அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அந்தக் கண்களை நேராகவே பார்த்தாள்.

"இன்னைக்கு நான் இங்க நின்னதே உனக்காகத்தான், வெஸ்."