முன்வரிசை பால் தரவில்லை

காலை 6.40. பண்ணை முதலாளி பொலிகாளையின் தொழுவத்தில் மண்டை பிளந்து கிடந்தார். காளை ஒரு மூலையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்து அலறியவன் கறவைக்காரன்.

7.30க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எட்டு மணிக்குக் காளையைச் சுட்டார். விசாரணை என்றால் அவருக்கு இப்படித்தான். மூன்று தோட்டா போனாலும் அரை மணியில் கடையைச் சாத்திவிட வேண்டும்.

9.00. மாட்டு டாக்டரம்மா வந்து இறங்கினார். காளைதான் ஆளைக் கொன்றது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. செத்த காளையின் அருகே மண்டியிட்டு நான்கு குளம்புகளையும் விரித்துப் பார்த்தார். சாணி இருந்தது, வைக்கோல் இருந்தது. ரத்தம் இல்லை. கொம்பும் இல்லை, கன்றாக இருந்தபோதே தீய்த்துவிட்டார்கள். பின்தொடையில் மட்டும் இரட்டை இரட்டையாகக் கருகிய புள்ளிகள்.

பிறகு துணியை விலக்கி முதலாளியையும் பார்த்தார். மண்டையில் ஒரே நீளமான பிளவு.

“இன்ஸ்பெக்டர், காளை கொல்லலை.”

“கொன்னதுக்குத்தானேம்மா சுட்டேன்?”

“அதை அதுகிட்டதான் சொல்லணும். இது கம்பியால அடிச்ச அடி. ஆளை அடிச்சுப் போட்டுட்டு, அப்புறமா காளையை ரெட்டை முனைக் கரண்ட் குச்சியால குத்திக் குத்தி உள்ளே தள்ளியிருக்காங்க. ரத்த வாடைக்கு அது தானா போயிருக்காது.”

வாசலில் நின்ற முதலாளியின் மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

“அஞ்சே முக்காலுக்கு சமையலறை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். மாட்டுக்கொட்டகை நடைபாதையில யாரோ காளையைப் பட்டியிலேர்ந்து தொழுவத்துக்கு ஓட்டிட்டுப் போனாங்க. நல்ல மழை. மஞ்சள் கோட்டு மட்டும்தான் தெரிஞ்சுது.”

எல்லாரும் கறவைக்காரனைப் பார்த்தார்கள்.

அந்தப் பண்ணையில் மஞ்சள் அவனுக்கு மட்டும்தான். தீனி வைக்கிறவருக்குப் பச்சை, ஊசி போடுகிறவருக்கு வெள்ளை, கறக்கிறவனுக்கு மஞ்சள். மாடு ஆளை உடுப்பால்தான் நினைவில் வைக்கும், குழப்பினால் பாலை அடக்கிக்கொள்ளும் என்பது முதலாளியின் கட்சி. வேறு யாரும் மஞ்சளைத் தொடக் கூடாது.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்து மாட்டினார்.

“கோட்டு கொட்டகை ஆணியிலதாங்க தொங்கும்,” என்றான் கறவைக்காரன். “ஆறு மணிக்கு வந்தப்போ நனைஞ்சிருந்துச்சு. ஓடு ஒழுகுதுன்னு நினைச்சேன்.”

“கறந்தியா?” டாக்டரம்மா கேட்டார்.

“முன்வரிசை எட்டும் சொட்டு இறக்கலைம்மா. நேத்துவரைக்கும் கையை நக்கினதுங்க, எட்டி உதைச்சுதுங்க. சுவருக்குப் பின்னால இருக்கிற வரிசை எப்பவும்போலக் குடுத்துச்சு.”

“இந்தப் பண்ணையில கரண்ட் குச்சி யார்கிட்ட இருக்கு?”

மனைவி கொழுந்தனைப் பார்த்தாள். முதலாளியின் தம்பி, வண்டி ஓட்டும்போது தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரிகிற உயரம்.

“என்னை ஏன் அண்ணி பார்க்கிறீங்க? முந்தாநாள் ஒரு கிடேரியைக் குத்தினேன். அண்ணன் குச்சியை ஒடிச்சுக் குப்பையில போட்டுட்டு, பண்ணையை விட்டே போகச் சொன்னார். அதுக்கப்புறம் கொட்டகைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கலை.”

10.15. இன்ஸ்பெக்டருக்குச் சாட்சி போதவில்லை. கறவைக்காரனுக்கு மஞ்சள் கோட்டைப் போர்த்திப் பொத்தானை மாட்டி, விலங்கோடு நடைபாதையில் நடக்கவிட்டார். அவன் ஆறடி, கோட்டு முழங்காலோடு நின்றுவிட்டது. அதன் கீழ் விளிம்பில் உள்ளும் புறமும் நான்கு விரல் உயரத்துக்கு, நடைபாதை ஓரத்துச் சாக்கடையின் சேறு.

மஞ்சளைக் கண்டதும் முன்வரிசை எட்டும் கயிறு இறுகப் பின்வாங்கின. வெள்ளைவிழி தெரிந்தது. சாணி தண்ணீராய்ப் பீச்சியது. பின்வரிசையை ஆளுயரச் சுவர் மறைத்தது. அங்கே அசைபோடும் சத்தம் நிற்கவில்லை.

“பார்த்தீங்களா டாக்டர்? எட்டுச் சாட்சி. ஒண்ணுகூட வக்கீல் கேட்கலை.”

“சாட்சி சரி. குறுக்கு விசாரணை வேண்டாமா? கோட்டைக் கழட்டுங்க.”

கழற்றினார்கள். சட்டையோடு நின்றவன் நாக்கால் ‘டொக்’கென்று ஒரு சொடுக்குப் போட்டான். தினமும் கறக்கும்முன் போடுவது. மாடுகளின் காது திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து முதல் பசு கழுத்தை நீட்டி அவன் கையை முகர்ந்தது. பிறகு விலங்கை நக்கியது.

“இதுங்களுக்குப் பயம் அவன்மேல இல்லை, கோட்டுமேல,” என்றார் டாக்டரம்மா. “நேத்துவரைக்கும் இதே கோட்டுக்குப் பால் குடுத்ததுங்க. இன்னைக்கு விடிகாலையில அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் இதுங்க கண்ணெதிர்ல காளையைக் குத்தியிருக்கான். வழிமறிச்சதுங்களையும் விடலை; இதோ, இந்த ரெண்டு பசுவோட தொடையிலயும் அதே இரட்டைப் புள்ளி. சுவருக்குப் பின்னால நின்னது எதையும் பார்க்கலை. அதான் பாலைக் குடுத்துச்சு.”

“சரிம்மா, போட்டது யாரு?”

“விளிம்பைப் பாருங்க. முழங்கால்ல நிக்கிற கோட்டு தரைச் சேத்துல எப்படி இழுபட்டிருக்கும்? அதுவும் உள்பக்கம்?”

டாக்டரம்மா கோட்டைத் தம்பியிடம் நீட்டினார்.

“போட்டுக் காட்டுங்க.”

“எனக்கு எதுக்குங்க இது? என் அளவே இல்லையே.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

இன்ஸ்பெக்டரே மாட்டிவிட்டார். விளிம்பு தரையைத் தொட்டு, சேற்றின் கோடு சாக்கடையோடு சரியாகப் பொருந்தியது. மாடுகள் மறுபடி பின்வாங்கின. ஒரு பசு பயத்தில் இடித்ததும், தம்பியின் வலக்கை தானாக முன்னே பாய்ந்தது, குச்சி பிடிக்கிற தோரணையில். கையில் குச்சி இல்லை என்பது அவனுக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

“காளைமேல பழி விழுந்தா சரி. விழலைன்னா மஞ்சள் கோட்டுமேல விழட்டும்னு ரெண்டு இடத்துல கடை போட்டிருக்கீங்க,” என்றார் டாக்டரம்மா. “அண்ணன் ஒடிச்சுப் போட்டது ஒரு குச்சிதான். இன்னொண்ணு எங்கே?”

10.50க்கு அதுவும் கிடைத்தது, வண்டித் தலையணையின் உறைக்குள். இருக்கைக்கு அடியில் கம்பி.

“மாட்டுக்காக என்னைத் தெருவுல விட்டாரு,” என்றான் தம்பி. “கூடப் பிறந்தவனை. மாட்டுக்காக.”

ஜீப் போனது. ஏறும்முன் இன்ஸ்பெக்டர் காளைக்குச் செலவான தோட்டாக் கணக்கை மட்டும் குறித்துக்கொண்டார்.

11.30. மடி கனத்து மாடுகள் கத்தின. கறவைக்காரன் விலங்குத் தடத்தைத் தடவிக்கொண்டு வெறும் சட்டையில் முன்வரிசைக்குள் உட்கார்ந்தான். சொடுக்கினான். முதல் பசு ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. பிறகு பாலை விட்டது. எட்டாவது மாட்டுக்கு வரும்போது வாசலில் முதலாளியின் மனைவி நின்றாள்.

“கறந்து முடிச்சதும் கிளம்பிடுப்பா.”

“அம்மா, நான் இல்லைன்னுதான் தெரிஞ்சுபோச்சே.”

“தெரியும். ஆனா உன்னைப் பார்த்தா எனக்கு அந்த மஞ்சள்தான் கண்ணுல நிக்குது.”

அவன் மறுபடி மடிக்குக் குனிந்தான். எட்டாவது பசு திரும்பி அவன் தோளில் தாடையை வைத்தது.

“கோட்டையும் ஆளையும் பிரிச்சுப் பார்க்க மாட்டுக்கு அரை மணிகூடப் பிடிக்கலை,” என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்க வாசலில் யாரும் இல்லை. கையெழுத்துப் போடாத தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.