ஜல்ரேகாவில் வந்த கதை

சந்தனம் அரைக்க உட்கார்ந்த மருமகள் விபாவதியின் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டார் மாமியார்.

"வேண்டாம் பௌமா. தங்கச்சி அண்ணனுக்குப் பொட்டு வைக்கிற நாள். அந்தத் தங்கச்சி பேரையே சந்தி சிரிக்க வச்ச கை... இதுல படாம இருக்கட்டும்."

விபா எழுந்தாள். துர்கா பூஜைக்கு முன்பு 'ஜல்ரேகா' சிறப்பிதழ் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு இப்படித்தான் விடிகிறது. ஜலங்கி ஆற்றுக்கு இப்பால் கிருஷ்ணநகரில் அந்தப் பத்திரிகையைப் படிக்காத படித்த வீடு கிடையாது. விபாவும் அதில் எட்டு வருடமாக எழுதுகிறாள். ஆனால் இந்த முறை அவள் பெயரில் வந்திருந்த கதை வேறு மாதிரி. பதினேழு வயதுப் பெண்ணின் கவிதை ஒரு பத்திரிகையில் வருகிறது. அடுத்த பக்கத்தில் யாரோ ஒரு வாலிபனின் காதல் கவிதை. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறது. அண்ணன் பத்திரிகையை முற்றத்தில் கிழித்துப் போட்டுவிட்டு, அவசர அவசரமாக அவளை ஓர் அரிசி மில்காரர் வீட்டில் தள்ளிவிடுகிறான்.

யாரைப் பற்றிய கதை என்று ஊருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நகராட்சி அலுவலகத்தில் தலைமை எழுத்தரான கணவன் அனாதிநாத் அன்று முகம் கறுத்து வீட்டுக்கு வந்தான். "நாங்க பேசிக்காத விஷயத்தை நீ கடைக்குக் கொண்டுபோயிட்டே," என்றான். அதற்குப் பிறகு அவளோடு பேச்சில்லை.

கதையை எழுதியது அவள் நாத்தனார் தருலதா. வைகாசியில் வந்திருந்தபோது தாள்களை விபாவின் மடியில் வைத்து, "உங்க பேர்ல போடுங்க பௌதி. கட்வாவுல என் புகுந்த வீட்டுக்குத் தெரிஞ்சா என்னை இந்த வீட்டு வாசலையே மிதிக்க விடமாட்டாங்க," என்று அண்ணியிடம் அழுதிருந்தாள். விபா ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அனுப்பினாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதை உடைக்க அவள் தயாராக இல்லை.

கூடத்தில் பத்திரிகை ஆசிரியர் சிவதோஷ் பாபு குடையை மடியில் வைத்துக்கொண்டு சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். அனாதிதான் வரவழைத்திருந்தான்.

"விபா, இங்கே வா. இவர் முன்னாடி எழுதிக் கொடு. கதையில இருக்கிறது அத்தனையும் பொய், மனசுல விஷத்தை வச்சுக்கிட்டு எழுதினேன்னு. அடுத்த இதழ்ல வரட்டும்."

"எழுத மாட்டேங்க."

"என்ன?"

"அது பொய் இல்லை. பொய்னு நான் எழுதினா, அதுதான் பொய்."

"நாத்தனார் மானத்தை வித்துட்டு உனக்கு எழுத்தாளர்னு பேரா? பெரிய மனசு பண்ணிக் கேக்குறேன். இல்லேன்னா நவத்வீபத்துக்கு, உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு."

விபா நிமிர்ந்து பார்த்தாள். "கிளம்புறேன். இவ்வளவு வருஷத்துல இந்த வீட்டுல யாரு எதைச் சொன்னாலும் தலையாட்டியிருக்கேன். இதுக்கு ஆட்ட மாட்டேன்."

மாமியார் சந்தனக் கல்லருகே இருந்து, "கேட்டியா... எவ்வளவு திமிரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விபா இரண்டு சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து தருலதா இறங்கினாள். கையில் இனிப்புச் சட்டி. பையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எங்கே போறீங்க பௌதி?"

"அண்ணன் வீட்டுக்கு. நீ உள்ளே போ, நேரமாகுது."

தரு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தாள். விபா தலையை ஆட்டி வேண்டாம் என்று தடுத்ததை அவள் பார்க்கவே இல்லை.

"தாதா, அந்தக் கதையை எழுதினது நான்," என்றாள் அண்ணனிடம்.

அனாதி அவளையும் விபாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பௌதியைக் காப்பாத்துறதுக்குச் சொல்றே," என்றான் அனாதி.

"முற்றத்துல அன்னிக்கு மழை பேஞ்சுது. கிழிஞ்ச துண்டுங்களை நான் பொறுக்கப் போனேன். 'விடுடி, அண்ணன் பார்த்துடுவான்'னு அம்மா என் சடையைப் பிடிச்சு இழுத்தாங்க. பௌதி அப்போ இந்த வீட்டுக்கே வரலை. கதையில வர்ற இதெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமியாரின் கையிலிருந்து சந்தனக் கட்டை நழுவியது.

"நான் கோழை தாதா. இவங்க பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். இவங்க வாயைத் திறக்கலை..."

"தரு, போதும். கட்வாவுல தெரிஞ்சா?" என்றாள் விபா.

"இன்னிக்குக் காலையில அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். கையில இருந்த பேப்பரை மடிச்சு வச்சார். அப்புறம், 'கதையில நான் வர்றேனா'ன்னு கேட்டார். ரெண்டு வரி வர்றீங்கன்னேன். 'நல்லபடியாவா'ன்னார். சாப்பாட்டுல குறை சொல்லாதவர்னு எழுதியிருக்கேன்னேன். சரி, போயிட்டு வான்னுட்டார். இவ்வளவுதான் பௌதி. இதுக்குத்தான் இத்தனை நாள் பயந்தேன்."

சிவதோஷ் பாபு குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை அடக்கினார்.

அனாதி எழுந்து மனைவியின் எதிரே வந்து நின்றான். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "விபா... நான் உன்னை..."

"என்கிட்ட அப்புறம் சொல்லலாம்," என்றாள் அவள். "நான் பட்டது ஒரு மாசம். அவ பட்டது பதினாறு வருஷம். முதல்ல அவகிட்ட சொல்லுங்க."

நகராட்சியில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் தங்கையின் முன்னால் தலைகுனிந்து நின்றான். "ஊரு பேசினதுக்குப் பயந்து உன் வாயை மூடினேன் தரு. தப்பு. அன்னிக்கே தெரியும் தப்புன்னு." அவன் தோள்கள் குலுங்கின. தரு இடது சுண்டுவிரலில் சந்தனம் தொட்டு அவன் நெற்றியில் வைத்தாள். மாமியார் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து விபாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நான்தான் அவ சடையைப் பிடிச்சு இழுத்தவ... உன்னைப் போய்ப் பேசினேனே பௌமா..."

சற்றுப் பொறுத்து சிவதோஷ் பாபு தொண்டையைச் செருமினார். "அப்போ அடுத்த இதழ்ல பேரைத் திருத்திப் போடணும். என்னன்னு போடட்டும்?"

"தருலதா மஜும்தார்னு போடுங்க," என்றான் அனாதி முந்திக்கொண்டு. "எங்க வீட்டுப் பேரு."

"வேண்டாம் தாதா. எந்த வீட்டுப் பேரும் வேண்டாம். தருலதான்னு மட்டும் போடுங்க சிவதோஷ் பாபு."

சொல்லிவிட்டு அவள் விபாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். விபாவும் அழுதாள், அவள் முதுகைத் தடவிக்கொண்டே.

"அடுத்த கதையை எப்போ எழுதறே?"

"எழுதட்டுமா பௌதி?"

"எழுது. ஆனா என் பேரை மட்டும் இரவல் கேக்காதே. அது எனக்கே வேணும்."