காயாத ஏழு பட்டைகள்

மிதியடியைச் சுருட்டித் தூக்கியபோது அடியிலிருந்த குழி முழுக்கக் காய்ந்து கிடந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அங்கே இரண்டு கை அகலத்துக்கு ஈரம். பவித்திரன் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார். மழைத்தண்ணீர் இப்படிக் குளிராது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். சாக்கடைச் சேற்றின் வாடை.

எர்ணாகுளம் அன்று வாயை மூடிக்கொண்டு கிடந்தது. ஹர்த்தால். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை பஸ் இல்லை, கடை இல்லை. தினமும் நாலாயிரம் பேர் மிதித்து ஏறும் ஆறு மாடிக் கட்டடத்தின் வாசலை வேறு எந்த நாளில் கழற்றிப் போடுவது? ஊரே ஹர்த்தாலைச் சபிக்கும்போது மிதியடி வேலைக்காரர்கள் மட்டும் நாள் குறித்துக்கொள்வார்கள். விடிவதற்குள், கல்லெறிகிறவர்கள் எழுந்து வருவதற்குள், ஆலப்புழையிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். பிறகு ஆறு மணிக்குத்தான் திரும்ப முடியும். இடையில் இருப்பது மழையும் வேலையும்தான்.

"என்ன சேட்டா, குழிக்குள்ள புதையலா?" காவல்காரர் ஔசேப்பு நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டார்.

"இங்க மட்டும் ஈரமா இருக்கே."

"அது எப்பவும் அப்படித்தான். பெருக்குற சாந்தம்மா துடைச்சுத் துடைச்சு ஓஞ்சுட்டா. துடைக்கிறப்பல்லாம் என்னை முறைப்பா, ஏதோ நான்தான் எந்திரிச்சு வந்து ஒண்ணுக்கு அடிச்ச மாதிரி."

"குழாய் ஏதும் கீழ போகுதா?"

"ஒண்ணுமில்ல. மூணு வாட்டி தோண்டிப் பாத்தாச்சு. நான் வந்தே ரெண்டு வருஷந்தான். அதுக்கு முன்னாடியே இருக்காம்."

பவித்திரன் மிதியடியைக் கண்ணாடிக் கதவின் முன்னால், போர்டிகோ தரையில் விரித்தார்.

பார்ப்பவர்களுக்கு அது வெறும் விரிப்பு. உண்மையில் அது ஓர் இயந்திரம். நடக்கிறவர்களின் எடையே அதை ஓட்டும் விசை. விரற்கடை அகல அலுமினியப் பட்டைகள், ஒவ்வொன்றின் பள்ளத்திலும் முரட்டு நார், எல்லாவற்றையும் ஊடுருவிக் கோத்திருக்கும் இரும்புக் கம்பி. முதல் இரண்டு எட்டில் நார் மண்ணைச் சுரண்டும். அடுத்த இரண்டில் ஈரத்தை உறிஞ்சும். சுரண்டிய மண் பட்டைகளின் இடுக்கு வழியே குழிக்குள் உதிரும். நார் தேய்ந்தால் கம்பியை உருவி, பழைய நாரைப் பிடுங்கி, புது நாரைப் பசையிட்டுப் பதித்து, மறுபடி கோக்க வேண்டும். கடைசியாக மிதியடியைத் தலைமாற்றிப் போட வேண்டும்: ரோட்டுப் பக்கம் இருந்த ஓரம் கதவுப் பக்கம் வரும்படி. அப்போதுதான் பட்டைகள் ஒரே பக்கமாக வளையாது. முப்பது வருஷமாக அவர் கை அதைக் கேட்காமலே செய்யும்.

தேய்மானத்தைப் படிக்கவும் அவருக்குத் தெரியும். லிப்டுக்கு ஓடுகிறவர்கள் எங்கே திரும்புகிறார்கள், குடையை எங்கே உதறுகிறார்கள், எல்லாம் நாரில் எழுதியிருக்கும். ஆனால் அது எப்போதும் மாட்டுத்தடம் போல ஒரு பாதையாகத்தான் இருக்கும். மிதியடியைக் கடப்பார்கள். அதன்மேல் யாரும் நிற்பதில்லை.

இதில் யாரோ நின்றிருந்தார்கள்.

ரோட்டு ஓரத்தில் ஏழு பட்டைகளுக்குக் குறுக்கே இரண்டு பாதங்கள். செருப்பில்லாத பாதங்கள். நார் அமுங்கி, விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. விரல்நுனிகள் ரோட்டைப் பார்த்திருந்தன. வலது பாதம் முழுதாகப் பதிந்திருந்தது. இடது பாதத்தின் வெளி ஓரம் மட்டும் ஆழமாக. உள்பக்கத்தில் நார் புதிதாகவே நின்றது.

பவித்திரன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய மகள் நீரஜாவுக்குப் பிறவியிலேயே இடது கால் உள்நோக்கி மடிந்திருந்தது. வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடப்பாள். வீட்டு வாசலில் எந்த மிதியடி போட்டாலும் ஆறே மாதத்தில் இடதுபுறம் பிறைநிலா மாதிரி ஒரு தேய்மானம் விழுந்துவிடும். இருபத்திமூன்று வருஷம் அவர் பார்த்த பிறை.

இந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில்தான் அவள் வேலை பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே போல் ஒரு ஜூன், இதே போல் ஒரு ஹர்த்தால். முதல் நாள் இரவு அலுவலகத்திலேயே தங்கியிருந்தவள் பிற்பகல் மூன்று மணிக்குப் போன் செய்தாள்.

"அச்சா, கட்டடத்தைப் பூட்டப் போறாங்களாம். வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆறு மணி அடிச்சதும் கிளம்பிடறேன் மோளே. வாசல்லயே நில்லு. ரோட்டைப் பாத்துக்கிட்டே இரு, நான் வர்றவரைக்கும் நகராத."

ஆறு மணிக்கு அவர் கிளம்பவில்லை. அரை மணிக்கு முன்புதான் ஆலப்புழைப் பட்டறையில் இரண்டு டப்பாப் பசையைக் கலந்திருந்தார். கலந்துவிட்டால் முக்கால் மணிக்குள் பூசி முடிக்க வேண்டும், பிறகு கல்லாகிவிடும். முடித்தார். அடுத்த டப்பாவையும் கலந்தார், கையோடு முடித்துவிடலாமென்று. அவர் வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. கதவு பூட்டியிருந்தது. ரோட்டில் முழங்கால் தண்ணீர். அப்போதிருந்த காவலாள் அவளைக் கிளப்பி விட்டிருந்தான். முப்பதடி தள்ளி, மூடிக் கல் இல்லாத சாக்கடை. மறுநாள் காலையில் அதிலிருந்து அவளை எடுத்தார்கள்.

அதன்பின் இந்தத் தெருவுக்கே அவர் வந்ததில்லை. இந்த வேலையை ஒத்துக்கொண்டது கூட்டாளி. அவனுக்குக் காய்ச்சல்.

"சேட்டா, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? காலைல ஒண்ணும் சாப்பிடலையா?" ஔசேப்பு தூக்குச்சட்டியைத் திறந்தார். "மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியும். வாங்க. என் பொண்டாட்டி சமையலைச் சாப்பிட்டவன் ஹர்த்தாலுக்குப் பயப்பட மாட்டான்."

"வேண்டாம்."

"மேனேஜர் ஒரு பட்டைகூடப் பழசு இருக்கக் கூடாதுன்னுட்டாரு. ஞாபகமிருக்கட்டும்."

பவித்திரன் தலையாட்டினார். கம்பியை உருவினார். மற்றப் பட்டைகளிலிருந்தெல்லாம் நாரைப் பிடுங்கினார், புதிதாகப் பதித்தார். அந்த ஏழு பட்டைகளை மட்டும் வரிசை மாறாமல் ஒரு துணிமேல் எடுத்து வைத்தார். பிடுங்கிவிட்டால் அவள் எங்கே நிற்பாள்? நாலு வருஷம். நான் வர்றவரைக்கும் நகராத என்றார், நகரவில்லை. பூட்டிய கதவும் தண்ணீரும் சாக்கடையும் அவளை நகர்த்திப் பார்த்திருக்கின்றன. திரும்பி வந்து நின்றிருக்கிறாள்.

இன்று ஆறு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. எப்படி என்றும் தெரியவில்லை. ஏழு பட்டைகளையும் அவற்றின் இடத்தில் கோத்து வைத்துவிட்டு, ஊர் திறந்ததும் வேன் கதவைத் திறந்து, வா மோளே என்று சொல்ல வேண்டும். நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்த சொல். சொன்னால் வருவாள்.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. மழை போர்டிகோவைச் சுற்றித் திரை போல இறங்கியது. எதிர்ச்சாரிக் கட்டடங்கள் மறைந்தன.

"கீழ்த்தளத்துல தண்ணி ஏறுது!" ஔசேப்பு கால்சட்டையை மடித்துக்கொண்டே ஓடினார். "மோட்டாரைப் போட்டுட்டு வரேன். இங்கேயே இருங்க, ஆமா?"

அவர் போன கொஞ்ச நேரத்தில் விளக்குகள் அணைந்தன.

பவித்திரன் மங்கிய வெளிச்சத்தில் கோத்து முடித்தார். கனத்த மிதியடியைச் சுருட்டினார், குழியருகே உருட்டினார், விரித்தார். நான்கு மூலையும் கச்சிதமாக உட்கார்ந்தன. கை கழுவ உள்ளே போனார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மெல்ல வந்து மூடிக்கொண்டது. கூடத்துக் குழாயில் பசையைத் தேய்த்துக் கழுவி, கையைத் துடைத்தபடி திரும்பினார்.

கண்ணாடிக்கு அப்பால் மிதியடி. புது நார் கறுப்பாக, ஒரே சீராக. அந்த ஏழு பட்டைகள் மட்டும் பழுப்பாக. ரோட்டு ஓரத்தில் இல்லை. கதவோரத்தில்.

தலைமாற்றிப் போட்டிருந்தார். கை, கேட்காமலே, முப்பது வருஷம் செய்ததைச் செய்திருந்தது.

விரல்நுனிகள் இப்போது உள்ளே பார்த்திருந்தன. அவரை.

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. இனிமேல் காத்திருக்கத் தேவையில்லை.

"மோளே," என்றார். வெளியில் வந்தது காற்று மட்டும்.

வாடை வந்தது. கதவிடுக்கு வழியாக, தரையோடு தரையாக. குழியில் முகர்ந்த அதே வாடை. இப்போது விரலளவு இல்லை. கூடம் நிறைய.

கண்ணாடியில் அவருடைய நெஞ்சு உயரத்தில் பனி படர்ந்தது. கையகலம். சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

மூச்சு.

அவர் ஒரு எட்டு வைத்தார். நாலு வருஷமாக எந்தக் கோயிலில் எதைக் கேட்டாரோ அது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் போதும். கை நீண்டது. கைப்பிடியைத் தாண்டியது. மேலே போனது. தாழ்ப்பாளைத் தள்ளியது.

சொடக்.

அந்தச் சத்தத்தை அவர் கேட்டார். அவளும் கேட்டிருப்பாள். கண்ணாடியில் பனி நின்றது.

"அச்சன்தான்... அச்சன்தான் மோளே..." தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். அழுதார். கையை எடுக்கச் சொல்லித் தனக்கே சொல்லிக்கொண்டார். கை கேட்கவில்லை.

கைப்பிடி அசையவில்லை. யாரும் தட்டவில்லை.

கீழே நார் அசைந்தது.

வலது பாதத்தடியில் நார் முன்னே சாய்ந்தது. பின்னே சாய்ந்தது. பிறகு இடது. வெளி ஓரம் மட்டும். வலது. இடது. அவசரமில்லாமல். வீட்டுக்குள் வருகிற பிள்ளை.

கால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துடைக்கத் துடைக்கக் கறுத்த சேறு வந்தது. பட்டைகளின் இடுக்கில் இறங்கியது, குழி நிரம்பியது, கதவின் அடியால் உள்ளே கசிந்து அவர் கால்விரல்களைத் தொட்டது. அவர் தாழ்ப்பாளை விடவில்லை. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள், வலது, இடது, வலது, இடது, கால் சுத்தமாகிவிட்டால் திறந்துவிடுவார்கள் என்று நம்புகிறவளைப் போல.