விரலை எடுத்தால் மரணம்

அந்த அலறல் பாதியில் அறுந்தது.

தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் மெஷினின் இரும்புத் தலை தரை அதிர இறங்கியதில் மீதி அலறல் நசுங்கிப் போனது.

தொழிற்கூடத்தின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மெஷினுக்குள் அச்சு மாற்றக் குனிந்திருந்தவன் மெக்கானிக். எல்லோரும் 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இனி யார் கூப்பிட்டாலும் அவன் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

மெஷினை இயக்கும் தொடுதிரைக்கு முன்னால் முதலாளியின் மூத்த மகன் வெளிறிப் போய் நின்றிருந்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல... அதுவா இறங்கிடுச்சு."

முதலில் வந்து சேர்ந்தவர் அவனுடைய அப்பா. தொழிற்கூடத்தை உண்டாக்கிய பெரியவர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூடத் தளர்த்தாதவர்.

உள்ளே பார்த்தார். மகனைப் பார்த்தார்.

தொடுதிரைக்கு முதுகு காட்டி, சுவர் போல நின்றுகொண்டார். போலீஸ் வரும்வரை நகரவில்லை.

கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. அந்தக் கோபம் யார் மேல் என்று யாருக்கும் தெரியவில்லை.

உடலை எடுத்துச் சென்ற பிறகு, பெண் இன்ஸ்பெக்டர் விசாரணையை அங்கேயே ஆரம்பித்தாள்.

"மெஷினை இயக்கினது யாரு?"

"பக்கத்துல நின்னது நான்தான் மேடம்," என்றான் மூத்தவன். "ஆனா ஆளைக் கொன்னது இந்தத் திரையில ஓடற புரோகிராம். எழுதினவ அதோ நிக்கறா. என் தம்பி பொண்டாட்டி."

எல்லாத் தலைகளும் திரும்பின.

சின்ன மருமகள் சுவரோரம் நின்றிருந்தாள். கணவன் புது மெஷின் வாங்க வெளிநாடு போயிருந்தான். துணைக்கு ஆளில்லை. ஆனால் குரலில் சூடு இருந்தது.

"அபாண்டமா பேசாதீங்க அத்தான். திரை மேல நடக்கற ஒவ்வொண்ணையும் தனித்தனி நிகழ்வா, ஈவென்ட்டா பிரிச்சு எழுதியிருக்கேன். ஒருத்தர் தொட்டா..."

"வாயை மூடு."

சொன்னது பெரியவர்.

"மாமா, நான் சொல்றதை..."

"இன்னொரு வார்த்தை பேசினே, நீ வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அழுகையல்ல... ஆத்திரம்.

மூத்தவனின் தோள்கள் தளர்ந்தன. அப்பா நம்ம பக்கம்.

இன்ஸ்பெக்டரின் முகம் கடுத்தது. "ஐயா, இங்க யார் பேசணும்னு நான்தான் முடிவு பண்ணணும்."

"தாராளமா பண்ணுங்கம்மா. அவளும் பேசுவா. ஆனா எங்க வீட்டுல மூத்தவங்க பேசி முடிச்ச பிறகுதான் இளையவங்க வாயைத் திறக்கணும். முதல்ல இவன் முழுசா சொல்லி முடிக்கட்டும்."

"இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு வீடா?" என்று முணுமுணுத்தபடி இன்ஸ்பெக்டர் மூத்தவனிடம் திரும்பினாள். "இந்தத் திரையைக் கையாள உங்களுக்குப் பயிற்சி உண்டா?"

"இவ வகுப்பு நடத்தினா. தம்பி பொண்டாட்டி முன்னாடி நான் கையைக் கட்டிட்டு உக்காரணுமா? போகல. பட்டனைத் தொடறதுக்கெல்லாம் பாடம் எதுக்கு?"

"சரி. என்ன நடந்துச்சு?"

"திரையில ஒரே தூசி. துடைச்சேன். விரல் ஸ்டார்ட் பட்டன்ல பட்டுடுச்சு. நெருப்பைத் தொட்ட மாதிரி அப்படியே வெளியே இழுத்துட்டேன். அதுக்குள்ள மெஷின் இறங்கிடுச்சு. துப்புக்கெட்ட புரோகிராம்."

பெரியவர் மெதுவாகக் கேட்டார். "விரல் பட்டன் மேல நின்னுச்சா?"

"நிக்கவே இல்லப்பா. வழுக்கி அந்தப் பக்கம் போயிடுச்சு."

"பட்டன் மேலேயே விரலை எடுக்கல?"

"சத்தியமா இல்ல. பட்டனுக்கு வெளியேதான் எடுத்தேன்."

"ஸ்பானர் உள்ளே இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"எழுதிக்கிட்டீங்களாம்மா?"

இன்ஸ்பெக்டர் தலையசைத்தாள்.

"இப்போ செஞ்சு காட்டு," என்றார் பெரியவர்.

மெஷினின் வாய் காலியாகத் திறந்து கிடந்தது. மூத்தவன் கர்ச்சீப்பை எடுத்துத் திரையைத் துடைத்தான். விரல் ஸ்டார்ட் பட்டனில் ஏறியது... வெளியே வழுக்கியது.

மெஷின் அசையவில்லை.

"இன்னொரு தடவை."

அசையவில்லை.

மூன்றாவது முறை அழுத்தித் தேய்த்தான். அவன் நெற்றியில்தான் வேர்வை இறங்கியது. மெஷின் இறங்கவில்லை.

"இவ மாத்தி வெச்சுட்டா," என்று கத்தினான். "புரோகிராமை மாத்திட்டா."

"எப்படா மாத்தினா?" பெரியவரின் குரல் இரும்பாக விழுந்தது. "ஓடி வந்ததுல இருந்து இந்தத் திரைக்கு முன்னாடி நின்னது நான். அதுக்கப்புறம் கான்ஸ்டபிள். என் முதுகைத் தாண்டி ஒரு ஈ கூட வரல."

மருமகளிடம் திரும்பினார்.

"மூத்தவன் பேசி முடிச்சுட்டான். இப்போ நீ பேசும்மா."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு படபடவென்று கொட்டினாள்.

"ஸ்டார்ட் பட்டன் மேல விரல் பட்டா அது ஒரு ஈவென்ட். நிறம் மாறும், அவ்வளவுதான். விரல் பட்டனை விட்டு வெளியே போனா அது வேற ஈவென்ட். எல்லாம் ரத்து. தொட்ட இடத்துலயே விரலை எடுத்தாதான் மெஷினுக்கு உத்தரவு போகும். ஓட விடறவங்களுக்கு மனசு மாற ஒரு வழி வேணும்ல? ஸ்டாப் பட்டன் மட்டும் தொட்டவுடனே நிறுத்தும்."

"எல்லாரும் தள்ளி நில்லுங்க." இன்ஸ்பெக்டர் ஸ்டார்ட் பட்டனில் விரலை வைத்தாள். பட்டன் பச்சையானது. மெஷின் சும்மா இருந்தது.

விரலை எடுத்தாள்.

தொம்...

தரை அதிர்ந்தது.

"ஆக, நீங்க தூசி துடைக்கல சார். பட்டன்லயே விரலை வெச்சு, பட்டன்லயே எடுத்திருக்கீங்க. கை தவறியிருந்தா தவறினதைத்தானே சொல்லியிருக்கணும்? இவ்வளவு ஜோடனை எதுக்கு?"

மூத்தவனின் முகம் கோணியது. அடக்கி வைத்த ஆத்திரம் வெடித்தது.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? உள்ளே கை போனா மெஷினை நிறுத்தற சென்சார்... ஒரு வேலையை ஓட விடாது அது. கழட்டிப் போட்டேன். அப்புறம் ஒருத்தனுக்கு விரல் போச்சு. அவன் கவனக்குறைவுன்னு சொல்லி மூடிட்டேன். இந்த ஸ்பானர் பய அதைக் கண்டுபிடிச்சுட்டு, 'பெரியவர்கிட்ட சொல்லப் போறேன்'ங்கறான். என் முகத்துக்கு நேரா! நம்ம பேரு என்னாகறதுப்பா?"

பெரியவரின் கை ஓங்கியது.

அந்தரத்தில் நின்றது.

மெல்ல இறங்கி, கழுத்துப் பட்டனைச் சரிசெய்தது.

"நம்ம பேரா? ஒருத்தன் விரலை எடுத்தே. ஒருத்தன் உயிரை எடுத்தே. பழியை வீட்டுக்கு வாழ வந்தவ தலையில கட்டினே. இதுல நம்ம பேரு எங்கடா மிச்சமிருக்கு?"

"அப்பா... குடும்ப மானத்தைக் காப்பாத்துங்கப்பா."

"அதைத்தான் காலையிலிருந்து பண்ணிட்டிருக்கேன். கூட்டிட்டுப் போங்கம்மா."

விலங்கு 'க்ளிக்' என்று பூட்டியது.

"இது தொட்டவுடனே பூட்டிக்கும் சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "வழுக்கி வெளியே போற வசதி இதுல கிடையாது."

ஜீப் கிளம்பிப் போனது. தொழிற்கூடத்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை. பெரியவரின் முதுகு இப்போதும் வளையவில்லை. ஆனால் கை, மெஷினின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

மருமகளின் கோபம் இன்னும் ஆறவில்லை.

"நீங்க அந்த வகுப்புல முதல் வரிசையில உக்காந்து என்னைக் கேள்வியா கேட்டுத் துளைச்சீங்க. விரலை எடுத்தாதான் ஓடும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அப்புறம் ஏன் மாமா அத்தனை பேர் முன்னாடி என்னை வாயை மூடச் சொன்னீங்க?"

"அவன் கதையைச் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடி நீ விளக்கம் கொடுத்திருந்தா, கதையை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தியிருப்பான்."

பெரியவர் மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"ஒழுங்கா வகுப்பு நடந்தப்போ வராத பயலுக்கு, கொலை பண்ணிட்டு வந்து நின்னதும் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கணுமாக்கும்?"