நாற்பது வினாடி தாமதம்

நாங்கள் அந்தக் கட்டடத்துக்குள் முதலில் போனது ஒரு காலை பதினொரு மணிக்கு. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நீண்ட கூடம். ஒரு காலத்தில் தொற்றுநோய்க்காரர்களைத் தனியே வைத்திருந்த வார்டு அது. கட்டில்களை எடுத்துவிட்டார்கள். அவை கிடந்த இடங்கள் மட்டும் தரையில் வெளிறி, வரிசையாகத் தெரிந்தன. சுவரோரம் ஒரே ஒரு இரும்புக் கட்டில் மிச்சம். பழைய பினாயில் வாடை. அதற்கு அடியில், காயாத துணியின் வாடை.

வாசலில் பலகை மாட்டியாகிவிட்டது. பெரிய எழுத்தில் என் தங்கையின் பெயர். அதன் கீழே, எறும்பு ஊர்ந்தது போல, ‘ஒளிப்பதிவு உதவி’ என்று என் பெயர்.

“அக்கா, அந்தக் கட்டில் எனக்கு வேணும். தூக்கச் சொல்லிடாத,” என்றாள் தங்கை.

இந்தக் கூடத்தை அவளுக்கு ஒதுக்கியிருந்த கலைக் கண்காட்சிக்கு எட்டு நாள் இருந்தது. அவள் திட்டமிட்ட வீடியோவில் முகம் கிடையாது, கதை கிடையாது, ஒரு சொல்கூடக் கிடையாது. வருகிறவர் தனியாகக் கட்டிலில் உட்கார வேண்டும். கதவுக்கு மேலே இருக்கும் கேமரா அவரைப் படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தை வெறும் நிறத் திட்டுகளாகக் கலைத்துவிடும். அசைவது சிவப்பு, அசையாதது நீலம். அது எதிர்ச் சுவரில் நாற்பது வினாடி தாமதமாக ஓடும். நாம் எழுந்து போன பிறகும் நம் நிறம் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பிறகு கரையும்.

“பாக்கறவங்களுக்கு ஏக்கம் வரணும். நாம வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லக் கூடாது,” என்றாள்.

நல்ல யோசனைதான். அதுதான் என்னை உறுத்தியது.

நான் பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவள். இதே கண்காட்சிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. தங்கையிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சம்மதம் சொல்லி போன் வந்த அன்று என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். நானும் சிரித்தேன். இரவல் சட்டை போல அந்தச் சிரிப்பு இரண்டு நாள் என் முகத்தில் தொங்கியது.

ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்தோம். பட்டப்பகலில் நாங்களே செய்துகொண்ட இருட்டு. வெளியே ஸ்கூட்டர் போகும் சத்தம் கேட்டது, ஏதோ வேறு ஊரில் போவது போல.

மூன்றாம் நாள் ஒத்திகை. ஒவ்வொருவராக ஐந்து நிமிடம் உள்ளே உட்கார வைத்து, வந்த உணர்ச்சியை ஒரே வார்த்தையாக அட்டையில் எழுதச் சொல்வது தங்கையின் வழக்கம். முதலில் வயர்மேன் போனார்.

“என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பரவால்லையா?” என்று சிரித்துக்கொண்டே போனவர், திரும்பி வரும்போது சிரிக்கவில்லை. அட்டையில் எழுதியிருந்தார்.

பொறாமை.

“யார் மேலண்ணே? அண்ணி கேட்டா அவ்வளவுதான்,” என்று தங்கை சீண்டினாள்.

“வெளையாடாத பாப்பா.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆள் வந்திருக்கு, கூட்டிட்டுப் போறதுக்கு. எனக்கு மட்டும் யாருமே வரல. அப்படி ஒரு வயித்தெரிச்சல். எனக்கு ஏன் இது தோணணும்?”

அடுத்து எதிர்க்கடை ஜெராக்ஸ்காரம்மா. அதன் பிறகு கண்காட்சிச் செயலாளர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. மூன்று அட்டையிலும் அதே வார்த்தை.

தங்கை அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்தாள். “நீலம் ஜாஸ்தியாயிடுச்சா? இல்ல, கேமரா கோணத்துல ஏதாவதா?” என்று என்னைப் பார்த்தாள்.

கோணம் வைத்தவள் நான். வெளிச்சத்தை அளந்தவள் நான். என் வயிற்றில் எரிவதுதான் சுவரில் ஓடுகிறது என்று நம்பினேன். வேறு எப்படி இருக்க முடியும்?

படத்தில் ஒரு குறையும் இருந்தது. கூடத்தின் கோடி மூலையில் ஒரு திட்டு. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. கன்றிப்போன தோல் ஆறும்போது வருமே, அந்த மஞ்சள். லென்ஸில் தூசி என்று மூன்று முறை துடைத்தேன். போகவில்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் அவளும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் எங்கள் நீலங்கள்.

“கோளாறு கேமராவுல இல்ல. என்கிட்ட,” என்றேன்.

அவள் திரும்பினாள்.

“நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். திருப்பி அனுப்பிட்டாங்க. உனக்குக் கெடச்சதுல எனக்குச் சந்தோஷம் இல்லடி. ஒரு நாள்கூட இல்ல.”

கறுப்புத் துணிக்கு வெளியே ஒரு காகம் கத்தி ஓய்ந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவளுக்கு மௌனம் ஒரு போர்வை. அது எவ்வளவு நேரம் நீண்டாலும் சரி என்றிருந்தது.

“லூசு. சொல்லியிருந்தா ரெண்டு பேர் பேரும் ஒரே அளவுல போடச் சொல்லியிருப்பேன்ல,” என்று என் தோளில் நெற்றியை வைத்தாள்.

நான் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு என் நெஞ்சு லேசாக இருந்தது.

பிறகு அவள் என்னைவிட்டு ஒரு சாண் விலகினாள். வலித்தது.

“ஏன்க்கா தள்ளிப் போற?” என்று கேட்டாள்.

“நீதானே தள்ளின?”

“நான் நகரவே இல்ல.”

அதற்குள் சுவர் எங்களை எட்டிப் பிடித்திருந்தது. இரண்டு நீலங்கள் சிவந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மறுபடி ஒரே நீலமாயின. நாங்கள் கட்டிக்கொண்ட கணம்.

கோடி மூலையில் மஞ்சள் எழுந்தது.

அசைவது சிவப்பாக வேண்டும். அது சிவப்பாகவில்லை.

கட்டில்கள் கிடந்த வெளிறிய இடங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது. எங்கள் முன்னால் நின்றது. பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர் போலக் குனிந்தது.

உட்கார்ந்தது.

நீலம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு சாண்.

அது நாற்பது வினாடிக்கு முந்தைய சங்கதி. சுவரில் நாங்கள் ‘தள்ளிப் போற’ என்று சண்டை போடத் தொடங்கியிருந்தோம். அது எழுந்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது?

“அக்கா,” என்று தங்கை உதட்டை அசைக்காமல் சொன்னாள். “நடுவுல பாக்காத.”

பார்த்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையே கட்டிலின் இரும்பு வலை லேசாக அமுங்கியிருந்தது.

எப்படி எழுந்தோம், எப்படி வாசலுக்கு வந்தோம் என்று நினைவில்லை. வெயில் முகத்தில் அறைந்தபோதுதான் மூச்சு வந்தது. அவள் தெருப்பக்கம் போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு இந்த ஹால் வேணாம்க்கா.”

“வேற ஹால் இல்லன்னு செயலாளர் அன்னிக்கே சொல்லிட்டார். இத விட்டா உனக்கு இந்த வருஷம் இல்ல. இனிமே கூப்பிடவும் மாட்டாங்க.”

“கூப்பிட வேணாம். போர்டக் கழட்டச் சொல்லு. நீ பூட்டிட்டு வா, போலாம்.”

எனக்காகத்தான் சொன்னாள். என் பயத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். தலைக்கு மேலே அந்தப் பெரிய எழுத்துகள். நாளைக்கு இவை இருக்காது என்று நினைத்தேன்.

மறைப்பதில் பயனில்லை. பயத்துக்கு நடுவிலும், உள்ளே எங்கோ ஒரு மூலையில், எனக்கு இனித்தது.

சாவியைத் திருகும்போது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல். கூட்டிப் போக வந்த சொந்தக்காரியைக் கண்டுகொண்ட குரல்.

“அக்கா.”

முப்பது வருடப் பழக்கம். யோசிக்கும் முன் வாய் பேசிவிட்டது.

“வர்றேன்டி.”

தெருவில் தங்கை திரும்பிப் பார்த்தாள். “யார்கிட்டக்கா பேசற?”

உள்ளே இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. வீட்டுக்குக் கிளம்புகிறவர் போல, யாரோ அவசரமில்லாமல் எழுந்து கதவை நோக்கி நடந்து வந்தார்கள்.