கோட்டைக் கதவு சாத்தும் நேரம்

மலைமேல் இருந்த கோட்டையின் வாசல்காவல் வேலைக்கு அவள் சேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தனியாகக் கதவைப் பூட்டுவது அன்றுதான் முதல் தடவை.

போன மழைக்காலம் வரை அந்த வேலையைப் பார்த்தது அவள் கணவன். ஒரு நாள் மழைக்குப் பயந்து அரை மணி முன்னதாகவே பூட்டிவிட்டு இறங்கிவிட்டான். உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். வேறு வழி தேடி இருட்டில் மதிலேறியவள் கீழே பாறையில் விழுந்து கிடந்ததை மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்று அவள்தான் அலுவலகத்தில் கெஞ்சி அந்த வேலையை வாங்கினாள்.

ஆறு மணி. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பழைய முற்றுகையில் ஜனங்கள் அடைபட்டுப் பட்டினியில் செத்த மண்டபம் வரை மூலைமுடுக்கெல்லாம் விசில் ஊதிப் பார்த்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். கீழே சின்ன ஊரில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது.

தட். தட்.

உள்ளேயிருந்து.

"அண்ணே... நான் உள்ள இருக்கேன். கதவைத் திறங்கண்ணே."

யாரையோ விட்டுவிட்டோமே என்று அவசரமாகத் திறந்தாள். யாரும் இல்லை. மாதக்கணக்கில் மழை காணாத கல்தரையில் நனைந்த துணியின் வாடை மட்டும் அடித்தது.

மறுபடி பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது அவனுக்கு.

"அண்ணேன்னா கூப்பிட்டா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கும் கேட்டுச்சு. பாதி படி இறங்கிட்டேன். எவனோ விளையாடுறான்னு..." நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. பொண்ணு குரல்னு தெரிஞ்சுது. மழையில திரும்ப ஏற அலுப்பா இருந்துச்சு."

கோட்டைச் சாவியை எடுத்து அவன் தட்டருகே வைத்தாள் அவள்.

"நாளைக்கு என்கூட வாங்க. உங்க வாயால அவகிட்டயே சொல்லுங்க."

வந்தான். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தான். பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான். கூட்டம் கலைந்ததும் கதவைப் பூட்டிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள்.

தட். தட்.

அவனே திறந்தான்.

"எனக்குக் கேட்டுச்சும்மா. கேட்டும் நான் திரும்பி வரல." கதவோரம் ஒதுங்கி வழிவிட்டான். "வா, போயிடலாம்."

வெற்றுவெளியில் கையை நீட்டினான். நீட்டிய கை லேசாகக் கீழே இழுபட்டது. விரல்நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாத்து... இந்தப் படி உயரம். மெதுவா" என்று கண்ணுக்குத் தெரியாதவளிடம் சொல்லிக்கொண்டே, விம்மி விம்மி இறங்கினான். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பின்னால் நடந்தாள்.

கதவைச் சாத்தவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பினாள்.

படி நெடுகக் காலடி ஓசை.

ஒரு ஜோடிக் கால் அல்ல. நூறு, இருநூறு. செருப்பில்லாத கால்கள், அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

"ராத்திரியில எங்களுக்கு இத்தனை காலமா யாருமே கதவைத் திறந்து வைக்கலம்மா" என்றது ஒரு கிழக்குரல், காதருகே.

எலும்பும் தோலுமான கை ஒன்று அவள் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டது.